காசு கொடுத்துப் போனவர் எப்படிக் கடத்தப்பட்டவர் ஆவார்? மெக்சிக்கோ எல்லையைப் பற்றி ஒரு பதில்

அமெரிக்க-மெக்சிக்கோ எல்லையில் கார்ட்டெல்கள் எனப்படும் போதைப்பொருள் கும்பல்கள் மனிதர்களைக் கடத்துகின்றன என்கிறார்கள், ஆனால் போகிறவர்கள் தாங்களே காசு கொடுத்து, தங்கள் காலால் நடந்துதானே போகிறார்கள், இதில் கடத்தல் எங்கே வந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். சுவர் கட்டினால் இது நின்றுவிடுமா என்றும் கடைசியில் ஒரு வரி இருக்கிறது. நீங்கள் உண்மையில் கேட்பது இதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன்: விருப்பப்பட்டு வீட்டை விட்டுக் கிளம்பிய ஒருவர், வழியில் எந்த இடத்தில், யார் கையில் சிக்கிப் பாதிக்கப்பட்டவர் ஆகிறார்? டெக்சஸில் குடிவரவு வழக்குகளில் பல வருடங்களாக வேலை செய்கிறேன். வந்து சேர்ந்தவர்கள் சொல்வதைக் கேட்டு, தேதி வரிசைப்படுத்தி, வாக்குமூலமாக எழுதித் தருவதுதான் அதில் பெரும்பகுதி. அதனால் எனக்கு நேரடியாகத் தெரிந்தது பயணிகளின் பக்கம். கார்ட்டெல்காரர்களின் பக்கம் எனக்கும் நீதிமன்ற ஆவணங்கள் வழியாகவும் ஆய்வுகள் வழியாகவும் தெரிந்ததுதான்.

சட்டத்தின் கண்ணில் இங்கே மூன்று தனித்தனிக் குற்றங்கள் நடக்கின்றன. ஒன்று, காசு வாங்கிக்கொண்டு ஆளை எல்லை தாண்டி விடுவது. இதில் மீறப்படுவது நாட்டின் சட்டம். பயணி ஒரு வாடிக்கையாளர். இரண்டாவது, அந்தப் பயணியைப் பிடித்து அடைத்துவைத்து உறவினரிடம் பணம் பறிப்பது. மூன்றாவது, ஏமாற்றியோ மிரட்டியோ ஒருவரை வேலையிலோ பாலியல் தொழிலிலோ சிக்கவைத்து, அவர் உடம்பிலிருந்து சம்பாதிப்பது. மனித வணிகம் என்று சட்டம் சொல்வது இந்த மூன்றாவதை மட்டும்தான். ஐ.நா. 2000 நவம்பரில் பலெர்மோ நெறிமுறைகளை ஏற்றபோது, எல்லை தாண்டி விடுவதற்கு ஒன்றும் மனித வணிகத்துக்கு ஒன்றுமாக இரண்டு தனி ஆவணங்களை வைத்தது. அதே வருடம் அமெரிக்காவும் மனித வணிகத்துக்கு எதிரான தன் சட்டத்தைக் கொண்டுவந்தது. எல்லை தாண்டி விடும் குற்றத்துக்கு எல்லை ஒன்று வேண்டும். மனித வணிகத்துக்கு அது தேவையே இல்லை. ஹூஸ்டனில் பிறந்த பெண்ணை ஹூஸ்டனிலேயே வைத்துச் செய்யலாம்.

சம்மதம் பற்றிய உங்கள் கேள்விக்கும் அந்த நெறிமுறையிலேயே பதில் இருக்கிறது. ஏமாற்றியோ மிரட்டியோ வாங்கிய சம்மதம் சம்மதமே அல்ல. 18 வயதுக்குக் குறைந்தவர் என்றால் ஏமாற்றையும் மிரட்டலையும் நிரூபிக்கக்கூட வேண்டாம். அமெரிக்கச் சட்டம் இதில் கொஞ்சம் கஞ்சத்தனம் காட்டுகிறது: பாலியல் சுரண்டல் என்றால் சிறாருக்கு அந்த நிரூபணம் தேவையில்லை, கட்டாய வேலை என்றால் சிறாரும் மிரட்டலைக் காட்டியாக வேண்டும். எப்படியிருந்தாலும், ஒருவர் சம்மதித்தது பயணத்துக்கு. பயணத்தின் முடிவில் அவருக்காகக் காத்திருந்ததற்கு அவர் சம்மதிக்கவில்லை.

இனி, இந்தப் பாதை யாருடையது? கார்ட்டெல்தான் ஆள் பிடித்து, கூட்டிவந்து, டெக்சஸ் எல்லையாக ஓடும் ரியோ கிராண்டே ஆற்றைக் கடக்கவைத்து, வேலைக்கு விற்கிறது என்ற சித்திரம் தொலைக்காட்சிக்கு வசதியானது. நீதிமன்றத்தில் வெளிவரும் சித்திரம் வேறு. ஆளைக் கூட்டிவருபவன் கொயோட்டே. குவாத்தமாலாவின் ஒரு மலைக் கிராமத்தில் அவன் பெரும்பாலும் ஊருக்குத் தெரிந்த ஆள். போன வருடம் பக்கத்து வீட்டுப் பையனைக் கொண்டுபோய்ச் சேர்த்தவன். பாதிப் பணம் முன்னால், மீதி போய்ச் சேர்ந்த பிறகு, பிடிபட்டால் அதே கட்டணத்தில் மூன்று முயற்சி வரை என்றெல்லாம் பேரம் உண்டு. அவனும் தனி ஆள் இல்லை. தங்குமிடம் தருபவர், வண்டி ஓட்டுபவர், ஆற்றில் மிதவை தள்ளுபவர் என்று ஒவ்வொரு கட்டமும் வேறொருவர் கையில் இருக்கும். அவர்களுக்குள் ஒருவரை ஒருவர் முழுதாகத் தெரியாது. கார்ட்டெல் இதில் எங்கே வருகிறது என்றால், பாதை அதன் ஊர் வழியாகப் போகிறது. ஊரைப் பிடித்துவைத்திருப்பவனுக்குத் தலைக்கு இவ்வளவு என்று மாமூல் கட்ட வேண்டும். ‘பீசோ’ என்பார்கள். கட்டியவருக்கு ஒரு ரகசியச் சொல் கிடைக்கும். வழிமறித்தால் அதைச் சொல்லித் தப்பலாம். 2021-இல் ரியோ கிராண்டே பள்ளத்தாக்கில் ஆற்றங்கரையில் கழற்றி எறியப்பட்ட வண்ண வண்ணக் கைப்பட்டைகள் படமாக வந்தன, பார்த்திருப்பீர்கள். யார் பணம் கட்டியவர், யாருடைய ஆள் என்று அடையாளம் காணத்தான் அவை. எந்த நிறத்துக்கு என்ன அர்த்தம் என்று வலைத்தளங்களில் அட்டவணை போடுகிறவர்களை மட்டும் நம்பாதீர்கள். அது குழுவுக்குக் குழு மாறும்.

மாமூல் வாங்குவதோடு நின்றிருந்தால் இவ்வளவு பிணம் விழுந்திருக்காது. டெக்சஸை ஒட்டிய தமாவுலிபாஸ் மாநிலத்தில் நிலைமையை மாற்றியவர்கள் செட்டாஸ் என்ற கும்பல். மெக்சிக்க ராணுவத்தின் சிறப்புப் படையிலிருந்து ஓடிவந்தவர்கள் 1990களின் கடைசியில் வளைகுடா கார்ட்டெல் என்ற மெக்சிக்கக் கும்பலின் அடியாள் படையாகச் சேர்ந்தார்கள், 2010-இல் பிரிந்து தங்கள் முன்னாள் முதலாளிகளோடேயே போருக்குப் போனார்கள். போதைப்பொருள் கடத்துவதைவிடத் தங்கள் நிலப்பரப்பில் நடமாடும் எல்லாவற்றையும் கறப்பதுதான் அவர்களுடைய பாணி. பயணி அவர்களுக்கு வாடிக்கையாளர் இல்லை, சரக்கு. 2010 ஆகஸ்டில் சான் ஃபெர்னான்டோ என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு பண்ணைக் கொட்டகையில் 72 பயணிகளைச் சுட்டுக் கொன்றார்கள். 58 ஆண்கள், 14 பெண்கள். காயத்தோடு தப்பி நடந்த ஓர் எக்வடோர் இளைஞன் கடற்படைச் சோதனைச்சாவடி வரை போய்ச் சொன்னதால்தான் அது வெளியே தெரிந்தது. அடுத்த வருடமே அதே ஊரைச் சுற்றியிருந்த புதைகுழிகளில் 193 உடல்கள் கிடைத்தன, அவற்றில் பல பேருந்திலிருந்து இறக்கப்பட்டவர்களுடையவை. மெக்சிக்கோவின் தேசிய மனித உரிமை ஆணையம் 2010 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான ஆறு மாதத்தில் 11,333 பயணிகள் பணத்துக்காகப் பிடித்துவைக்கப்பட்டதாகக் கணக்கிட்டது. ஒரு குழுவாக வந்தவர்களை வழிமறிப்பார்கள், ஒரு வீட்டில் அடைப்பார்கள், ஒவ்வொருவர் கைப்பேசியிலும் அமெரிக்க எண் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அமெரிக்காவில் அண்ணன் இருக்கிறவனுக்கு விலை அதிகம். அண்ணன் பணம் அனுப்பினால் விடுவார்கள், சில நேரம் அனுப்பிய பிறகு இன்னொரு குழுவுக்குக் கைமாற்றுவார்கள். இது இரண்டாவது குற்றம். இதில் கார்ட்டெலின் கை சந்தேகமில்லாமல் இருக்கிறது. எல்லை நகரங்களான ரெய்னோசாவிலும் நுவேவோ லாரேடோவிலும் இது இன்றும் ஒரு தொழில்.

2019-இல் தொடங்கி வெவ்வேறு பெயர்களில் அமெரிக்கா எடுத்த ஒரு முடிவு இந்தத் தொழிலுக்கு உரம் போட்டது. தஞ்சம் கேட்பவர்கள் மெக்சிக்கோவிலேயே காத்திருக்க வேண்டும் என்ற திட்டம், பிறகு 2020 மார்ச்சிலிருந்து 2023 மே 11 வரை கொரோனாவைக் காரணம் காட்டி உடனே திருப்பி அனுப்பிய உத்தரவு, பிறகு கைப்பேசிச் செயலியில் முன்பதிவு. மூன்றிலும் பொதுவான விளைவு ஒன்று: ஊர் தெரியாத, பணம் அனுப்ப உறவினர் உள்ள ஆயிரக்கணக்கானோர் எல்லை நகரங்களில் வாரக்கணக்காகத் தங்க வேண்டிவந்தது. பாலத்தில் திருப்பி அனுப்பப்பட்டுப் பேருந்து நிலையத்துக்குப் போய்ச் சேரும் முன்பே பிடிக்கப்பட்டவர்களின் வாக்குமூலங்களை நானே எழுதியிருக்கிறேன். அந்த நகரங்களில் ஷூவில் லேஸ் இல்லாமல் நடப்பவரைப் பார்த்தாலே தெரிந்துவிடும், தடுப்புக் காவலிலிருந்து இப்போதுதான் வெளியே வந்திருக்கிறார் என்று. காவலில் வைக்கும்போது அதைக் கழற்றி வாங்கிவிடுவார்கள்.

ஆற்றைத் தாண்டியதும் பயணம் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். டெக்சஸில் எல்லையிலிருந்து பல கிலோமீட்டர் தள்ளி உள்நாட்டிலும் சோதனைச்சாவடிகள் இருக்கின்றன. அதுவரை வந்தவர்களை மக்காலன், லாரேடோ போன்ற ஊர்களில் பூட்டிய வீடுகளில் சேர்த்துவைப்பார்கள். ஃபால்ஃபுரியாஸ் சாவடியைச் சுற்றிக் கடக்கப் புதர்க் காட்டில் இரண்டு மூன்று நாள் நடக்க வைப்பார்கள். புரூக்ஸ் மாவட்டத்தில் அப்படி நடந்து தாகத்தில் செத்தவர்களின் எலும்புகளுக்குப் பெயர் தேடும் வேலை இன்னும் நடக்கிறது. நடக்கவில்லை என்றால் லாரியின் கன்டெய்னரில் ஏற்றுவார்கள். 2022 ஜூன் 27 அன்று சான் அன்டோனியோவில் ஒரு டிரெய்லரில் 53 பேர் இறந்தது இந்தக் கட்டத்தில்தான். குளிர்சாதனம் வேலை செய்யாத பெட்டி, டெக்சஸ் வெயில், திறக்க முடியாத கதவு. ஒவ்வொருவரும் 12,000 முதல் 15,000 டாலர் வரை கொடுக்க ஒப்புக்கொண்டிருந்தார்கள் என்று வழக்கில் வெளிவந்தது. 2025-இல் அந்த வழக்கில் ஆயுள் தண்டனை விழுந்தது. கவனியுங்கள்: இத்தனை பேர் செத்தும், சட்டப்படி அது மனித வணிகம் இல்லை, எல்லை தாண்டி விடும்போது நேர்ந்த மரணம். குற்றத்தின் பெயரை வைத்துக் கொடுமையை அளக்க முடியாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இந்த வண்டிகளை ஓட்டிப் பிடிபடுகிறவர்களில் நிறையப் பேர் அமெரிக்கக் குடிமக்கள் என்பது நம் ஆட்களுக்கு வியப்பாக இருக்கும். சமூக ஊடகத்தில் ‘ஒரு நாள் வேலை, ஆயிரக்கணக்கில் டாலர்’ என்ற விளம்பரத்தைப் பார்த்து வந்த கல்லூரி வயதுப் பையன்கள். டெக்சஸ் 2024 பிப்ரவரியிலிருந்து இதற்குக் குறைந்தபட்சம் 10 ஆண்டுச் சிறை என்று வைத்திருக்கிறது. சிறை நிரம்புவது ஓட்டுநர்களால்தான். வண்டியை அனுப்பியவன் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிறான்.

இப்போது மூன்றாவது குற்றத்துக்கு வருகிறேன், உங்கள் கேள்வியின் மையம் இங்கேதான். வாடிக்கையாளரைப் பாதிக்கப்பட்டவராக மாற்றுவது பெரும்பாலும் சங்கிலியோ துப்பாக்கியோ இல்லை, கடன். குவாத்தமாலாவின் மலைப்பகுதியில் 10,000 டாலருக்கு மேல் கையில் வைத்திருக்கும் விவசாயி யார்? வீட்டுப் பத்திரத்தையும் சோளக்காட்டுப் பத்திரத்தையும் வைத்து மாதத்துக்கு நூற்றுக்கு ஐந்து, பத்து என்று கந்துவட்டிக்கு வாங்குகிறார்கள். பையன் போய்ச் சேர்ந்து உடனே வேலைக்குப் போகாவிட்டால் வட்டி முதலைத் தாண்டிவிடும். கடன் கொடுத்தவனும் வேலை கொடுப்பவனும் வேறு வேறு ஆள் என்றால் அது கடன், அவ்வளவுதான். கொடுமையானது, ஆனால் மனித வணிகம் இல்லை. இருவரும் ஒரே ஆளாகவோ ஒரே கும்பலாகவோ ஆகும் இடத்தில்தான் பெரும்பாலும் கோடு தாண்டப்படுகிறது. நம்மூர்ச் செங்கல் சூளையில் முன்பணம் வாங்கிய குடும்பம் கணக்குத் தீராமல் வருடக்கணக்கில் அங்கேயே கிடப்பதை அறிந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை.

ஓஹியோவின் மரியன் என்ற ஊரில் 2014 டிசம்பரில் வெளிவந்த வழக்கு இதற்கு மிகத் தெளிவான உதாரணம். குவாத்தமாலாவிலிருந்து பதின்வயதுப் பையன்களைப் பள்ளியில் சேர்ப்பதாகச் சொல்லிக் கூட்டிவந்தார்கள். பெற்றோர் நிலப் பத்திரத்தை ஈடாகக் கொடுத்திருந்தார்கள். எல்லையில் பிடிபட்ட பையன்களை அமெரிக்க அரசு என்ன செய்தது? துணையின்றி வரும் குழந்தைகளை நாட்டுக்குள் இருக்கும் உறவினரிடமோ தெரிந்தவரிடமோ ஒப்படைப்பது சட்டம். அந்தக் கும்பலே ‘நாங்கள்தான் குடும்ப நண்பர்கள்’ என்று விண்ணப்பம் போட்டது. அரசு சரிபார்க்காமல் ஒப்படைத்தது. பையன்கள் பழைய டிரெய்லர் வீடுகளில் அடைக்கப்பட்டு, முட்டைப் பண்ணையில் ஒரு நாளைக்கு 12 மணி நேரம் கூண்டு கழுவினார்கள், கோழிகளுக்கு அலகு வெட்டினார்கள். சம்பளம் கும்பலுக்குப் போனது. மறுத்தால் அப்பாவைக் கொன்றுவிடுவோம் என்ற மிரட்டல். அமெரிக்க செனட்டின் விசாரணைக் குழு ஒன்று 2016 ஜனவரியில் இதைப் பற்றி ஒரு முழு அறிக்கை வெளியிட்டது. இந்த வழக்கில் கார்ட்டெல் எங்கே என்று தேடிப் பாருங்கள். இல்லை. சொந்த நாட்டுக்காரர்கள், ஒரு ஒப்பந்தக்காரர், ஒரு பண்ணை, கவனிக்காத ஓர் அரசு அலுவலகம்.

பாலியல் பக்கம் போனால் தெனான்சிங்கோவைச் சொல்லாமல் இருக்க முடியாது. மெக்சிக்கோ நகரத்திலிருந்து கிழக்கே த்லாஸ்கலா மாநிலத்தில் உள்ள சிறிய ஊர். பெண்களை வைத்துச் சம்பாதிப்பது அங்கே சில குடும்பங்களில் அப்பனிடமிருந்து மகனுக்கு வரும் தொழில். அந்த ஆண்களை பத்ரோத்தே என்பார்கள். அவர்கள் பெண்ணைத் தூக்கிக்கொண்டு ஓடுவதில்லை. பேருந்து நிலையத்திலோ பூங்காவிலோ ஓர் ஏழைப் பெண்ணிடம் பேச்சுக் கொடுப்பார்கள், காதலிப்பார்கள், வீட்டுக்குக் கூட்டிப்போய் அம்மாவிடம் அறிமுகப்படுத்துவார்கள், குழந்தை பெற்றுக்கொள்வார்கள். அதன் பிறகுதான் ‘அமெரிக்கா போய்க் கொஞ்சம் சம்பாதித்தால் வீடு கட்டலாம்’ என்ற பேச்சு. குழந்தை மாமியாரிடம் நிற்கும். அந்தப் பெண் நியூயார்க்கின் குயின்ஸ் பகுதிக்கு வந்து சேர்ந்ததும் என்ன வேலை என்று தெரியும். தப்பி ஓட நினைத்தால் குழந்தை அங்கே இருக்கிறது. புரூக்லின் கூட்டாட்சி நீதிமன்றத்தில் இந்த ஊர்க் குடும்பங்கள் மீது வழக்கு மேல் வழக்கு நடந்து தண்டனைகள் கிடைத்திருக்கின்றன. எல்லையைக் கடக்க இவர்களும் கொயோட்டேக்குக் காசு கொடுத்தார்கள், அவனும் மாமூல் கட்டியிருப்பான். ஆனால் குற்றத்தை நடத்தியது ஒரு குடும்பம். எல்லையில் நிற்கும் அதிகாரி பார்ப்பது கணவனோடு வரும் மனைவியை.

எல்லையைத் திருட்டுத்தனமாகத் தாண்டாமல், தூதரகத்தில் முத்திரை குத்திய விசாவோடு வந்தும் இது நடக்கும். 2021-இல் ஜார்ஜியாவில் வெங்காய வயல்களைச் சுற்றி ஒரு பெரிய வழக்கு வெளிவந்தது. 24 பேர் மீது குற்றச்சாட்டு. தற்காலிக விவசாய விசாவில் மெக்சிக்கோவிலிருந்தும் மத்திய அமெரிக்காவிலிருந்தும் தொழிலாளர்களைச் சட்டப்படி வரவழைத்து, சட்டத்துக்கு எதிராகக் கட்டணம் வசூலித்து, பாஸ்போர்ட்டைப் பிடுங்கி, வெறுங்கையால் வெங்காயம் பிடுங்கவைத்து, ஒரு வாளிக்கு 20 சென்ட் கொடுத்ததாக அரசுத் தரப்பு சொன்னது. இவர்கள் யாரும் இரவில் ஆற்றில் நீந்தவில்லை. என் மேசைக்கு வரும் கட்டாய வேலை வழக்குகளிலும் விசாவோடு வந்தவர்கள் குறைவில்லை. அதனால்தான் எல்லைக் கோட்டையே பார்த்துக்கொண்டிருப்பவர்களிடம் எனக்குக் கொஞ்சம் பொறுமை குறைவு.

இதுவரை சொன்னவை வழக்குகளில் நிரூபணமானவை, அல்லது குற்றப்பத்திரிகையில் இருப்பவை. எண்கள் என்று வரும்போது தரை வழுக்கும். இந்தத் தொழிலில் எவ்வளவு பணம் புரள்கிறது? ராண்ட் ஆய்வு நிறுவனம் 2019-இல் ஒரு மதிப்பீடு செய்தது: மத்திய அமெரிக்காவின் மூன்று நாடுகளிலிருந்து ஆட்களைக் கூட்டிவந்ததில் 2017-இல் கிடைத்த வருமானம் 20 கோடி டாலர் முதல் 230 கோடி டாலர் வரை இருக்கலாம். பத்து மடங்குக்கு மேல் இடைவெளி! அதில் கார்ட்டெல்களுக்கு மாமூலாகப் போனது 3 கோடி முதல் 18 கோடி வரை. 2022-இல் அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புப் புலனாய்வுத் துறையின் மதிப்பாகச் செய்தியில் வந்தது 1,300 கோடி டாலர்; 2018-இல் அதே துறை சொன்னது 50 கோடி. இடையில் ஆள் எண்ணிக்கையும் கட்டணமும் கூடியது உண்மை, ஆனால் இவ்வளவு பாய்ச்சலில் கணக்கிடும் முறைக்கும் பங்கு உண்டு என்பது என் கருத்து. ராண்ட் கணக்கு ஒரு விஷயத்தை மட்டும் உறுதியாகக் காட்டுகிறது: கொயோட்டேக்குப் போகும் பணத்தில் கார்ட்டெலுக்குப் போவது ஒரு சிறு பங்கு. அதற்குப் பிந்தைய வருடங்களில் சில இடங்களில் கார்ட்டெல்களே நேரடியாகத் தொழிலை நடத்தத் தொடங்கிவிட்டன என்று புலனாய்வாளர்கள் சொல்கிறார்கள். நுவேவோ லாரேடோவில் அதை நான் நம்புகிறேன். 3,145 கிலோமீட்டர் எல்லை முழுவதற்கும் அதை நீட்டினால் தயங்குவேன்.

‘மூன்று லட்சம் குழந்தைகள் காணாமல் போய்க் கடத்தல்காரர்களிடம் சிக்கிவிட்டார்கள்’ என்ற செய்தியும் உங்களுக்கு வந்திருக்கும். 2024 ஆகஸ்டில் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் தணிக்கை அலுவலகம் சொன்னது இது: துணையின்றி வந்த சுமார் 32,000 குழந்தைகள் நீதிமன்றத் தேதிக்கு வரவில்லை, சுமார் 2,91,000 பேருக்கு நீதிமன்ற அழைப்பாணையே இன்னும் கொடுக்கப்படவில்லை. அழைப்பாணை கொடுக்காதது அலுவலகத்தின் வேலை பாக்கி. அந்தக் குழந்தைகளில் பெரும்பாலோர் அம்மாவிடமோ மாமாவிடமோ இருந்து பள்ளிக்குப் போகிறவர்கள். அதற்காக எல்லாரும் பத்திரம் என்றும் சொல்ல மாட்டேன். ஓஹியோ பையன்களும் அரசின் தாளில் ‘ஒப்படைக்கப்பட்டவர்கள்’ என்றுதான் இருந்தார்கள்.

சுவர் விஷயம். 1993-இல் எல் பாஸோவிலும் 1994-இல் சான் டியேகோவிலும் நகரங்களை ஒட்டிய எல்லையை ஆள் போட்டு அடைத்தார்கள். கூட்டம் அரிசோனா பாலைவனத்துக்கும் டெக்சஸ் புதர்க்காட்டுக்கும் நகர்ந்தது. அதுவரை வழி தெரிந்த ஒருவனுக்குச் சில நூறு டாலர் கொடுத்தோ, தனியாகவோ கடந்தவர்களுக்கு இப்போது ஏற்பாடு தேவைப்பட்டது. கட்டணம் ஆயிரங்களுக்கு ஏறியது. கட்டணம் ஏறினால் கடன் ஏறும். கடன் ஏறினால் நான் மேலே சொன்ன பொறி பெரிதாகும். ஆனால் கடுமை காட்டினால் ஆள் குறையாது என்று சொன்னால் அதுவும் பொய். 2023 டிசம்பரில் எல்லைக் காவல் படை சுமார் 2.5 லட்சம் பேரைப் பிடித்தது. 2025 மார்ச்சில் சுமார் 7,200 பேர். இந்த வீழ்ச்சிக்குச் சுவர் காரணம் இல்லை. மெக்சிக்கோ தன் நெடுஞ்சாலைகளில் ஆட்களை மறித்துத் தெற்கே திருப்பியது, 2024 ஜூனில் தஞ்ச விதிகள் இறுகின, 2025 ஜனவரியில் தஞ்சக் கதவே ஏறக்குறைய மூடப்பட்டது. ஆள் குறைந்தால் மாமூல் குறையும், அது உண்மை. ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களின் கடன் குறையாது. வெளியே பிடிபடும் பயம் கூடியிருப்பதால் முதலாளியை எதிர்த்துப் புகார் கொடுக்கத் துணிகிறவர்கள் இப்போது குறைந்திருக்கிறார்கள் என்பது என் அனுபவம்.

ஒரு சட்டச் சிக்கலைச் சொல்ல வேண்டும், நம் ஆட்களுக்கு இது அந்நியமில்லை. 2025 பிப்ரவரியில் சினலோவா, ஹலிஸ்கோ, வளைகுடா, வடகிழக்கு கார்ட்டெல்கள் உட்பட ஆறு மெக்சிக்கக் குழுக்களை அமெரிக்கா வெளிநாட்டுப் பயங்கரவாத அமைப்புகள் பட்டியலில் சேர்த்தது. கடுமையான நடவடிக்கை என்று கைதட்டினார்கள். அந்தப் பட்டியலில் உள்ள அமைப்புக்குப் பொருளுதவி செய்தவருக்குத் தஞ்சம் கிடையாது என்பது குடிவரவுச் சட்டம். மிரட்டலின் பேரில் கொடுத்தாலும் அது உதவிதான் என்று குடிவரவு மேல்முறையீட்டு வாரியம் 2016-இல் தீர்ப்பளித்திருக்கிறது. 1997-இல் விடுதலைப் புலிகள் அந்தப் பட்டியலில் சேர்ந்த பிறகு, புலிகளுக்கு வரியோ மீட்புப் பணமோ கட்டாயத்தில் கொடுத்த ஈழத் தமிழர்கள் இதே விதியில் மாட்டி வருடக்கணக்கில் தவித்தார்கள். துறையின் விருப்பப்படி தரும் விதிவிலக்கு ஒன்று பிறகு வந்தது. அது உரிமை இல்லை, கருணை. இப்போது மெக்சிக்கோ வழியாக வந்த ஒருவர் ‘என்னைப் பிடித்துவைத்தார்கள், என் அக்கா 5,000 டாலர் கட்டி மீட்டாள்’ என்று சொன்னால், தான் பாதிக்கப்பட்டதற்கான சாட்சியமே அவர் பயங்கரவாதிக்கு உதவியதற்கான சாட்சியமாகவும் படிக்கப்படலாம். எல்லா நீதிபதிகளும் அப்படிப் படிப்பார்கள் என்று சொல்லவில்லை. ஆனால் வாக்குமூலம் எழுதும்போது இன்று நான் மிகவும் கவனித்து எழுதும் வரி அதுதான்.

எல்லையிலேயே இவர்களைக் கண்டுபிடிக்க முடியாதா என்று கேட்கலாம். அங்கே நடக்கும் நேர்காணல் குறுகியது, மொழிபெயர்ப்பாளர் பெரும்பாலும் தொலைபேசியில், எதிரே சீருடை. 2017-இல் சான் டியேகோவுக்குப் பக்கத்தில் எல்லையிலிருந்து 25 கெஜம் உள்ளே பிடிபட்ட ஓர் ஈழத் தமிழர், ஊரில் தன்னைக் கடத்தி அடித்ததைச் சொல்லியும், அதன் பின்னணியை அந்த அதிகாரி புரிந்துகொள்ளவில்லை. அவர் வழக்கு உச்சநீதிமன்றம் வரை போய், 2020 ஜூனில் 7-க்கு 2 என்று தோற்றது: விரைவு வெளியேற்ற உத்தரவை நீதிமன்றத்தில் எதிர்க்கும் உரிமை அவருக்கு இல்லை என்று தீர்ப்பு. அது மனித வணிக வழக்கு இல்லை. ஆனால் அந்த முதல் நேர்காணலில் புரியவைக்க முடியாமல் போனது எவ்வளவு விலை கேட்கும் என்பதற்கு அது போதும். அதோடு, ஆற்றங்கரையில் நிற்கும் பெண்ணுக்குத் தான் எங்கே போய்ச் சேரப்போகிறோம் என்று அப்போது தெரியவே தெரியாது. தெரியாததை எந்த அதிகாரி கேட்டும் அவள் சொல்ல முடியாது.

ஆகவே நான் எல்லையைப் பற்றிக் கடைசியில்தான் கேட்பேன். முதலில் கேட்பவை: யாருக்குக் கடன்? எவ்வளவு என்று முதலில் சொன்னார்கள், இப்போது எவ்வளவு? உங்கள் சம்பளம் யார் கைக்குப் போகிறது? உங்கள் தாள்கள் யாரிடம் இருக்கின்றன? நாளைக்கு வேலைக்குப் போகாவிட்டால் ஊரில் யாருக்கு என்ன ஆகும்? கடைசிக் கேள்விக்குப் பலர் பதில் சொல்லாமல் தரையைப் பார்ப்பார்கள். இன்னொரு நாள் வரச் சொல்வேன். மனித வணிகத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கென்று ஒரு தனி விசா இருக்கிறது, வருடத்துக்கு 5,000 வரை கொடுக்கலாம். 18 வயதைத் தாண்டியவர்கள் பொதுவாகக் காவல் விசாரணைக்கு ஒத்துழைத்ததைக் காட்ட வேண்டும். உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது இப்படி மாட்டியிருந்தால், பணம் அனுப்பிய ரசீதுகள், வாட்ஸ்அப் குரல் செய்திகள், ஊரில் அடகு வைத்த பத்திரத்தின் நகல், இவற்றில் எதையும் அழிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். கைப்பேசியை மாற்றும்போதுதான் பெரும்பாலும் எல்லாம் போய்விடுகிறது. ஊரில் இருக்கும் ஒருவருக்கு முன்கூட்டியே அனுப்பிவைக்கச் சொல்லுங்கள்.